பதினோராவது மைல்

மூன்று குடம் ஊற்றித் தேய்த்தாயிற்று. பூவராகவனின் பிணத்தில் இடது மார்பிலிருந்த ஊதாக் கறை மட்டும் போகவில்லை. விழுந்த அடி, ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள் சுற்றி நின்றவர்கள். அது அடி இல்லை என்று தெய்வநாயகத்துக்குத் தெரியும். தங்கை புருஷனின் காக்கிச் சட்டையைக் கழற்றியபோதே பையிலிருந்த ஈரச் சீட்டை எடுத்து மடியில் செருகிக்கொண்டிருந்தான். நனைந்தால் ஊதாவாகிற பென்சிலில் தெய்வநாயகமே காலையில் எழுதிக் கொடுத்தது: பதினோராவது மைல், ஆற்றங்கரைக் கம்பம்.

டெலிபோன் ஆபீஸில் லைனைச் சோதிப்பது அவன் வேலை. காலையில் பெண்ணாடம் லைனில் இரண்டு கம்பியும் எங்கோ ஒட்டிக்கொண்டன. மீட்டர் காட்டிய மின்தடை நூற்றுப் பத்து ஓம். செம்புக் கம்பி, போக வர மைலுக்குப் பத்து. வகுத்தால் பதினொன்று. மச்சான் கணக்கு தப்பாது என்று லைன்மேன் பூவராகவன் மழையிலேயே சைக்கிளை மிதித்தான். வெள்ளாறு கரையை அரித்திருந்தது. ஏறிய கம்பம் அவனோடு சாய்ந்தது.

டிராக்டரில் உடம்பு வந்ததிலிருந்து தங்கை திரௌபதிக்கு ஒரே கேள்விதான்.

"இந்த மழையில அங்க போவச் சொன்னது யாரு?"

அவராகத்தான் போனார் என்று டெலிபோன் இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற தெய்வநாயகம் மடியிலிருந்த ஈரச் சீட்டை விரலால் இன்னும் உள்ளே தள்ளினான். உண்மையைச் சொன்னால் வேலை போகும். அதைவிட, தங்கை முகத்தில் எப்படி விழிப்பது?

பீங்கான் ஆலைச் சங்கு ஊதும்போது இன்னொரு லைன்மேன் கொளஞ்சியப்பன் வந்தான். தெய்வநாயகத்தின் காதருகே குனிந்தான்.

"லைன் சரியாயிடுச்சிங்க. கோளாறு ஆறாவது மைல்லதான். கருவேப்பிலங்குறிச்சிகிட்ட புளியங்கெளை உளுந்து கம்பிய அமுக்கிக்கினு இருந்துது."

ஆறா? போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது பூவராகவன் சொன்னானே. செம்பைத் திருடிவிட்டார்கள், ஊரை ஒட்டி இரண்டு மைலுக்கு இரும்புக் கம்பிதான் இழுத்திருக்கிறேன், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் மச்சான் என்று. சரி மாப்ளே என்று தலையாட்டிவிட்டு தெய்வநாயகம் இன்னொரு கரண்டி ரசம் கேட்டான், பாவி. பதிவேட்டில் எழுதவில்லை. இரும்பு, மைலுக்கு முப்பத்தைந்து ஓம். இரண்டு மைலுக்கே எழுபது போய்விடும். மிச்சம் நாற்பதுக்கு நாலு மைல் செம்பு. ஆக ஆறு. இப்போது கணக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது!

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். ஈரக் கையால் அள்ளிப் போட்டான். பூவராகவனின் உதட்டில் விழுந்த அரிசியில் பாதி ஊதா.

திரௌபதி அரிசியைப் பார்த்தாள். அண்ணன் விரல்களைப் பார்த்தாள். புருஷனின் மார்பையும் பார்த்தாள். பத்து வருஷமாகப் புருஷன் சட்டைப் பையில் அண்ணன் சீட்டுகள் விட்ட பென்சில் கறையைக் கசக்கித் துவைத்தவள் அவள்.

"திரௌபதி..." என்றான்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. முந்தானை நுனியைச் சொம்புத் தண்ணீரில் நனைத்தாள். வெள்ளை அரிசியை விட்டுவிட்டு, ஊதா அரிசியை மட்டும் ஒவ்வொன்றாகப் புருஷன் உதட்டிலிருந்து எடுத்துக் கீழே போட்டாள்.