பின்னால் கட்டிய கைகள்

ஊருக்கே கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற மனிதனின் மனைவி, கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வேறொருவனிடம் போனால் அந்த மனிதனுக்கு வயிறு எரியுமா, எரியாதா? சிரீலோ பெனீதெஸுக்கு எரிந்தது. வெறுமனே எரிந்திருந்தால் இரண்டு நாளில் ஆறியிருக்கும். அவன்தான் அதற்கு விறகு போட்டுக்கொண்டே இருந்தான்.

என்கார்னாசியோன் நகரத்தில், ஆற்றங்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி அவனுடைய பழுதுபார்க்கும் கடை. அவன் பிழைப்பில் பாதி, தெரெரே கொட்டிய கீபோர்டுகளால் ஓடியது. எங்கள் ஊரில் இலைத்தூளில் ஐஸ் தண்ணீர் ஊற்றி உறிஞ்சிக் குடிக்கிற தெரெரே குவளை பக்கத்தில் இல்லாமல் யாரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதில்லை. வங்கி மேலாளரானாலும் சரி, பள்ளிக்கூடப் பிள்ளையானாலும் சரி, என்றாவது ஒரு நாள் கை பட்டு அது கொட்டத்தான் செய்யும். உடனே பதறிப்போய்த் துடைப்பார்கள், ஆட்டுவார்கள், ஈரம் இன்னும் உள்ளே போகும். துடைக்காமல் முதலில் கரண்டைப் பிடுங்கு, அப்படியே குப்புறக் கவிழ்த்து வை, காயும்வரை ஆசைப்பட்டுப் போட்டுப் பார்க்காதே என்று சிரீலோ சொல்லிச் சொல்லித்தான் ஊர் பாதி திருந்தியது.

சனிக்கிழமை காலைகளில் பேட்டை ரேடியோவில் சுனில்தா என்பவள் நடத்தும் நிகழ்ச்சியில் அவனுக்கு அரைமணி நேரம் உண்டு. நேயர்கள் கேட்பார்கள், அவன் சொல்வான். ஒரு கிழவர் 'பட்டன் எங்கே, பட்டன் எங்கே' என்று ஒரே கேள்வியை விதவிதமாகக் கேட்டபோதும் அவன் குரல் உயரவில்லை. "கேளுங்க, மறுபடி கேளுங்க, எனக்கு வேற வேலை இல்லை" என்பது அவன் வழக்கமாகச் சொல்வது. சந்தையில் அவனைப் பார்த்தால் பெண்கள் அதைச் சொல்லியே கிண்டல் செய்வார்கள். சொன்னதையெல்லாம் எழுதிவைக்க ஒரு இணையதளமும் வைத்திருந்தான்.

அவன் மனைவி நிமியா பிறந்தநாள் கேக் செய்து கொடுப்பவள். அவளுக்கு இ-மெயில் கணக்கு திறந்தது சிரீலோ. பாஸ்வேர்டு வைத்தது சிரீலோ. அவள் பாஸ்வேர்டை மறந்துபோனால் மீட்டெடுக்க வேண்டுமே என்று தன் மெயில் முகவரியையே அதில் போட்டுவைத்ததும் சிரீலோதான். அவள் எதையாவது கேட்டு வாய் திறந்தால் "தள்ளு" என்பான், மௌஸை வாங்குவான், கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்துவிடும். இப்படி ஒரு புருஷன் வாய்த்தவளுக்கு இனிமேல் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

அதனால், புதன்கிழமைகளில் நகராட்சி நூலகத்தில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகப்போகிறேன் என்று அவள் சொன்னபோது சிரித்தான். வகுப்பு எடுப்பவன் பெயர் தெர்லிஸ் என்றும், முப்பது வயதென்றும், நல்ல உயரமென்றும் தெரிந்த பிறகு சிரிப்பு நின்றுபோனது. சிரீலோவுக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. உயரத்தைப் பற்றி அவன் பேசுவதே இல்லை.

பிறகு சாப்பாட்டு மேஜைக்கே தெர்லிஸ் வந்து உட்கார்ந்துகொண்டான். ஆளாக அல்ல, பேச்சாக. ஒரு நாள் இரவு நிமியா மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஒரே பாஸ்வேர்டை எல்லாத்துக்கும் வைக்கக் கூடாதாம். தெர்லிஸ் சொன்னார்."

இதை சிரீலோ எத்தனை வருடமாக ரேடியோவில் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறான்! அவன் சொன்னபோது அது காற்றோடு போயிற்று. உயரமானவன் சொன்னால் வேதவாக்கு. அன்று அவன் கிழங்கைத் தொடாமலே தட்டைத் தள்ளிவைத்தான்.

அடுத்த புதன்கிழமை, பிரிண்டர் மை வாங்கப் போகிறவன் மாதிரி நூலகத்துப் பக்கம் போனான். கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தான். உதட்டுச்சாயம் போட்டுக்கொண்டு நிமியா ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் நாற்காலிக்குப் பின்னால் தெர்லிஸ், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவள் எதையோ தவறாக அழுத்தியிருக்க வேண்டும், இருவரும் சிரித்தார்கள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தபோது சிரீலோவுக்கு நெஞ்சு கரித்தது. 'யோக்கியன் மாதிரி நிற்கிறதைப் பார். மனசில் கள்ளம் இருக்கிறவன்தான் கையை இப்படிக் கட்டிக்கொள்வான்' என்று முடிவு கட்டிவிட்டான். வகுப்பெல்லாம் சாக்கு. வீட்டிலேயே நான் இருக்கும்போது இவளுக்கு வகுப்பு எதற்கு?

அந்த வாரமே நிமியா, போன் மந்தமாக இருக்கிறது, பார் என்று அவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவன் கடைக் கம்ப்யூட்டரில் அவளுடைய கணக்கைத் திறந்தான். போனில் எச்சரிக்கை வந்தது: புதிய கருவியில் யாரோ நுழைகிறார்கள், நீங்கள்தானா? 'ஆமாம்' என்று அவனே அழுத்திவிட்டு எச்சரிக்கையை அழித்தான். யார் கேட்டாலும் அந்த 'ஆமாம்' மட்டும் அழுத்தாதீர்கள் என்று ரேடியோவில் மன்றாடுகிற அதே விரல்தான்.

அதன் பிறகு கடையில் வேலை ஓடவில்லை. அவள் போனில் எதைத் தேடினாலும் அது இங்கே திரையில் வந்து நிற்கும். கேக்கைப் படம் எடுக்க நல்ல வெளிச்சம், படத்தின் அளவைக் குறைப்பது எப்படி, சர்க்கரைப் பாகில் ரோஜா. ஒன்றும் இல்லையென்றால் நிம்மதி வர வேண்டும் அல்லவா? அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு நாள் அவன் தேடியது கிடைத்தது: 'ஆண் ஆசிரியருக்கு என்ன பரிசு கொடுக்கலாம்.'

அதற்குப் பிறகு அவனுக்குக் கண் மண் தெரியவில்லை. மனதில் வந்ததையெல்லாம் அவள் கணக்கு திறந்திருந்த அதே திரையில் தானும் தேட ஆரம்பித்தான். எதையும் தட்டச்சு செய்வதற்கு முன்னால் மேல் மூலையில் யாருடைய படம் இருக்கிறது என்று பாருங்கள், அடுத்தவர் கணக்கில் உட்கார்ந்து உங்கள் வேலையைச் செய்யாதீர்கள் என்று இணையதளத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பவன் அவன். மேல் மூலையில் நிமியா கேக்கோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சனிக்கிழமை வந்தது. ரேடியோ நிலையத்தில் சுனில்தா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, நிலையத்துப் போனில் வந்த செய்திகளை வரிசையாகப் படித்தாள். இரண்டு பேருக்குக் கீபோர்டு, ஒருவருக்குப் பிரிண்டர். அடுத்த செய்தியைப் படிக்கும்போதே அவள் வாயோரம் கோணியது.

"தொன் சிரீலோ," என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள், "இந்தம்மா பேர் போடல. கேளுங்க. 'என் போன்ல நான் தேடாததெல்லாம் நான் தேடினதா வருது. மனைவி வேறொருத்தனை நினைச்சா எப்படித் தெரியும்னு வருது. ஒரு ஆள் பேரைப் போட்டு அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு வருது. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல உயரமாத் தெரிய என்ன வழின்னு வருது.'" சுனில்தாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "உயரமாத் தெரியணுமாம். யார் பெத்த புள்ளையோ, பாவம்ப்பா."

சிரீலோ ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது. ஊரே சிரித்துக்கொண்டிருக்கும். சுனில்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியைப் படித்தாள்.

"'என் கணக்குக்குள்ள ஆள் இருக்கு. யாருன்னும் தெரியும், வீட்டு ஆளுதான். அவரை வெளியில அனுப்பணும். எனக்கு இதெல்லாம் அவ்வளவா வராது, மெதுவாச் சொல்லுங்க.' சொல்லுங்க தொன் சிரீலோ, உங்களுக்குத்தான் வேற வேலை இல்லையே."

அவன் தொண்டையைச் செருமினான். அமைப்புகளுக்குள் போய் முதலில் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னான். புதியது வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்றான். பிறகு எந்தெந்தக் கருவிகளில் கணக்கு திறந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் இருக்கும், தெரியாத கருவியை அதிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் சுனில்தா.

அவ்வளவுதான் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். மீட்பு முகவரியில் அவனுடைய மெயில் இருக்கிறது. அதை எடுக்காதவரை முன்வாசலை எவ்வளவு பூட்டினாலும், 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று ஒரு தட்டுத் தட்டினால் கொல்லைப்புறக் கதவு அவனுக்குத் திறக்கும். சொல்லாமல் விட்டால் இன்று இரவே உள்ளே போகலாம். அந்தப் பரிசு என்ன ஆயிற்று என்று பார்க்கலாம். 'ஆமாம், அவ்வளவுதான்' என்று சொல்ல வாயெடுத்தான்.

நிலையத்துப் போன் மினுங்கியது. "அந்தம்மாவேதான்," என்றாள் சுனில்தா. "'மன்னிச்சுக்கோங்க, அந்தக் கருவிகள் பட்டியல் எங்க இருக்குன்னு தெரியல. வீட்ல கேட்டா தள்ளுன்னு சொல்லி மௌஸைப் பிடுங்கிக்குவார். அதனாலதான் நான் வெளியில போய்க் கத்துக்கிறேன். அங்க வாத்தியார் கையைப் பின்னால கட்டிக்கிட்டுத்தான் நிப்பார். தப்பாப் போனாலும் நானே பண்ணணும்னு.'"

சிரீலோ மேஜைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்தான். இங்கே பிடுங்குவதற்கு ஒன்றும் இல்லை. அவள் எங்கேயோ உட்கார்ந்து தடவிக்கொண்டிருக்கிறாள், அவனிடம் இருப்பது குரல் மட்டும்தான்.

"அம்மா, அவசரமே இல்லை," என்றான். "மேல் மூலையில உங்க படம் இருக்கும் பாருங்க. அதைத் தொடுங்க. கணக்குன்னு வரும். அதுக்குள்ள பாதுகாப்புன்னு ஒரு வரி. அதைத் தொட்டுட்டுக் கீழ வாங்க. நான் இருக்கேன்."

பாட்டு எதுவும் போடாமல் சுனில்தா காத்திருந்தாள். 'வந்திருச்சு' என்று பதில் வந்தது. பிறகு 'காணாமப் போயிருச்சு' என்று வந்தது. அவன் முதலிலிருந்து மறுபடி சொன்னான். தன் மனைவியை அவன் 'நீங்க' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வெளியேற்றியாயிற்று என்று கடைசியில் செய்தி வந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா," என்றான் அவன். "இதை விட்டா மத்ததெல்லாம் வீண். மீட்பு முகவரின்னு ஒரு இடம் இருக்கும். அதுல வேற யாரோட மெயில் இருந்தாலும் எடுத்துட்டு உங்க போன் நம்பரைப் போடுங்க."

"புருஷனோட மெயிலா இருந்தாலுமா?" என்று சுனில்தா சும்மா சீண்டினாள்.

"புருஷனோடதா இருந்தா முதல் வேலையா."

நிலையத்திலிருந்து கடைக்குப் போனான். திரையில் அவள் முகம் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. மீண்டும் உள்நுழையவும் என்றது. தட்டிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் விரல் துடித்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

பின்கட்டில், மாமரத்து நிழலில் மேஜை போட்டு நிமியா உட்கார்ந்திருந்தாள். முன்னால் மடிக்கணினி, பக்கத்தில் தெரெரே. குவளையை இன்று எட்டவே வைத்திருந்தாள். ரேடியோ இன்னும் மெல்லப் பாடிக்கொண்டிருந்தது.

"என்கிட்டயே நேரா கேட்டிருக்கலாமே," என்றான் சிரீலோ.

"கேட்டிருந்தா தள்ளுன்னு சொல்லியிருப்பே." அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீ எனக்கு ஒண்ணு சொல்லிக்கொடுத்தது இன்னைக்குத்தான். அதுக்கும் நான் யாரோ ஒரு பொம்பளையா இருக்க வேண்டியிருந்துச்சு."

உள்ளே கிடந்து அரித்ததுதான் வெளியே வந்தது. "அந்தப் பரிசு?"

"ஆசிரியர் தினம் வருதுல்ல. வகுப்புல எல்லாரும் சேர்ந்து ஒரு சட்டை வாங்கறோம். இதையும் நீ நேரா கேட்டிருக்கலாம்." அவள் திரையின் பக்கம் திரும்பினாள். "வா, வந்து நில்லு. இந்தக் கேக் படத்தைச் சின்னதாக்கணும். வாயால சொல்லு. தொடாதே."

அவன் அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றான். அவள் மௌஸைப் பிடித்தாள். அம்பு போக வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனது, திரும்பி வந்தது, மறுபடி தாண்டியது. 'தள்ளு' அவன் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வலது பக்கம், மூன்றாவது வரி என்று மட்டும் சொன்னான்.

அப்போது திரையின் ஓரத்தில் ஒரு செய்தி எட்டிப் பார்த்தது. தெர்லிஸ். பெயரும் முதல் இரண்டு வார்த்தைகளும்தான் தெரிந்தன: 'நிமியா, இன்னைக்கு...' அதற்கு மேல் படிக்க, அதைத் தொட வேண்டும். நிமியாவும் பார்த்தாள். திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. அது தானாகவே மறைந்தது.

சிரீலோவுக்கு வயிறு பழையபடி எரிந்தது. இம்மிகூடக் குறையவில்லை.

"சொல்லு," என்றாள் நிமியா. "அடுத்து என்ன?"

அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அடுத்ததைச் சொன்னான்.