கதிர்க்குருவியின் பின்பாதிப் பாட்டு

வடக்கிலிருந்து வரும் குருவிகள் தங்கள் பாட்டை வால்பாறைக்காரர்களின் தொண்டையில் கொடுத்துவைத்துவிட்டுத்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. புரட்டாசியில் கொடுக்கும், பங்குனியில் வாங்கிக்கொண்டு திரும்பும். இங்கே அவற்றுக்குப் பூச்சி பிடிக்கிற வேலை மட்டும்தான். ஜோடி தேடுவதும் கூடு கட்டுவதும் சைபீரியாவில். பாட்டு அங்கேதான் வேண்டும்.

நாற்பத்தோரு வயதுவரை எந்தக் குருவியும் என்னிடம் பாட்டுக் கொடுத்ததில்லை. எந்த பஸ் எங்கே போகிறது என்று பஸ் ஸ்டாண்டில் மைக்கில் கத்துவது என் வேலை. அப்படிப்பட்ட தொண்டையை அவை நம்புவதில்லை. கண்டக்டர் செண்பகவல்லி அக்காவிடம் வருஷா வருஷம் மூன்று பாட்டு இருக்கும். ஆனால் போன புரட்டாசியில் எட்டு கிராம் எடையுள்ள ஒரு கதிர்க்குருவி மைக்கின்மேல் வந்து உட்கார்ந்து, "வாயைத் திறங்கண்ணே" என்றது. திறந்தேன். சுக்குப் பொடி பட்டதுபோல் தொண்டை சுருக்கென்றது. அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன். ஆறு மாதம் ஐஸ்கிரீமைத் தொடவில்லை.

பங்குனியில் குருவி வந்து வாங்கிக்கொண்டது. கூரையில் நின்று ஒருமுறை பாடிப் பார்த்தது. "சோலையாறு, உருளிக்கல், பொள்ளாச்சி" என்று வந்தது. மறுபடியும் அப்படியே வந்தது. முன்பாதி முழுக்க என் அறிவிப்பு, பின்பாதி காணவில்லை. செண்பகவல்லி அக்கா என் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"ஒட்டிக்கிச்சு, திரவியம். இனி வராது," என்றாள்.

மற்ற குருவிகள் தென்காற்றைப் பிடித்துக் கிளம்பிவிட்டன. கதிர்க்குருவிக்கு ஆயுசே இரண்டு மூன்று வருஷம். இந்தக் கோடையை விட்டால் அதற்கு ஜோடி அமைவது நிச்சயமில்லை. குருவி என்னைத் திட்டவில்லை. டீக்கடைத் தகரத்தின்மேல் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பின்பாதியை நானே வந்து பாடித் தருகிறேன் என்றேன்.

கிளம்புமுன் எடையை இரண்டு மடங்காக்க வேண்டும், எல்லாக் குருவிகளும் அப்படித்தான் செய்கின்றன என்று அது சொன்னது. டிப்போ மேலாளர் நான்கு மாத லீவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் சாப்பாட்டு கேரியரையும் என் பக்கம் தள்ளினார். பன்னிரண்டாம் நாள் காலை, பரோட்டா கடை வாசலில் என் செருப்பு மட்டும் தரையில் நின்றது.

குருவியின் பின்னால் பறந்து இமயமலையைத் தாண்டும்போது காது அடைத்தது. அதற்கப்பால் ஒரு நாடு முழுக்க வெறும் புல். அங்கே இறங்கியபோது நான் பழைய எடைக்கு வந்திருந்தேன். ஒரு வாரம் சிலந்தி தின்று தேறினோம்.

சைபீரியாவில் முன்பே வந்த ஆண் குருவிகள் நல்ல மரங்களையெல்லாம் பிடித்துவிட்டன. எங்களுக்குக் காட்டின் ஓரத்தில் சாய்ந்த மரம் ஒன்றுதான் கிடைத்தது. உச்சியில் குருவி, கீழ்க்கிளையில் நான். அது முன்பாதி பாடும். மூச்சு விடாமல் நான் பின்பாதியை எடுப்பேன். மூன்று நாள் பெட்டைகள் எங்களைத் தாண்டிப் பறந்தன. குரல் கம்மிவிடுமோ என்று பயந்துகொண்டே பாடினேன். நான்காம் நாள் ஒருத்தி வந்து எதிர்க்கிளையில் உட்கார்ந்தாள். என் நெஞ்சு அடித்த அடியில் கிளையே ஆடியது.

சோலையாறு என்றால் என்ன என்று கேட்டாள். பூச்சிக்குக் குறைவே இல்லாத ஊர், வருகிற புரட்டாசியில் கூட்டிப்போகிறேன் என்றது குருவி. அவள் என்னைப் பார்த்தாள்.

"நெசமாண்ணா?"

"நெசந்தாம்மா. முதல் பஸ் ஆறேகாலுக்கு."

அன்றைக்கே கூடு கட்டப் பாசி பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் குருவியும் ஒருவரையொருவர் பார்க்காமல் கொஞ்ச நேரம் சும்மா பாடினோம்.

ஐந்து முட்டை. ஐந்தும் பொரிந்தன. அவள் என்னை அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டதால் தாய்மாமன் நான்தான். பதினோராம் நாள் காதுகுத்து வைத்தோம். காது எங்கே இருக்கிறது என்று அவள் இறகை விலக்கிக் காட்டினாள். மூத்ததை மடியில் வைத்துக்கொண்டேன். காது குத்த பொள்ளாச்சியிலிருந்து ஆசாரி பறந்து வந்து இறங்கினார். வழியில் மழை, தன் இறக்கை காய்ந்ததும் ஆரம்பிக்கலாம் என்றார்.