இரண்டு தட்டு

"நீ தட்டினியா, இல்லையாண்ணா? அத மட்டும் சொல்லு."

ஆஸ்பத்திரி நடையில், வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்க, தங்கை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அழுது தீர்த்துவிட்டாள் போலிருக்கிறது; குரலில் ஈரமே இல்லை. உள்ளே தீக்காய வார்டில் அவள் புருஷன் கிடந்தான். முகம், மார்பு, இரண்டு கைகள், எல்லாம் கட்டு. கண்ணைப் பற்றிக் கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றினார். காலையில் நினைவு திரும்பியதும் அவன் பேசிய முதல் பேச்சே இதுதானாம்: "மச்சான் தட்டினாரு. அதான் திறந்தேன்."

ஆலையில் வால்வுக்காரன் என்று பேரெடுத்தவன் அந்த அண்ணன். "இரும்மா, ஆலை வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஓடுகிறவனை யார்தான் நல்லவிதமாக நினைப்பார்கள்? தங்கையும் நினைத்திருக்க மாட்டாள்.

சர்க்கரைப் பாகு காய்ச்சும் ஆலை அது. காய்ச்சிய பாகு கொதிக்கக் கொதிக்கக் குழாயில் ஏறி, மாடியிலிருக்கும் ஃபில்டர் வழியாகத்தான் அடுத்த தொட்டிக்குப் போகும். கருகலும் கசடும் சல்லடையை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் மூடியைக் கழற்றி, சல்லடையை உருவி, வெந்நீர் ஊற்றிச் சுரண்ட வேண்டும். சுரண்டி முடித்து நிமிர்வதற்குள் மறுபடி அடைத்துத் தொலைக்கும். மாடியில் மூடி மாப்பிள்ளையின் பொறுப்பு, கீழே வால்வு இவன் பொறுப்பு. நடுவில் சிமெண்டுத் தளம். பம்புகள் போடுகிற கூச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் ஏறாது. ஆகவே குழாய் வழியாகத்தான் பேச்சு. மேலே ஸ்பேனரால் மூன்று தட்டு விழுந்தால், திறக்கப் போகிறேன் என்று அர்த்தம். இவன் வால்வை மூடி, குழாயில் நிற்கும் பாகை வடித்துவிட்டு, இரண்டு தட்டுத் தட்டுவான். இனி திறக்கலாம். அந்த இரண்டு தட்டு வராமல் மாப்பிள்ளை ஒருநாளும் மூடியில் கைவைத்ததில்லை. இவ்வளவு நிதானமானவனுக்குத் தங்கையைக் கொடுத்தால் என்ன என்று இவனுக்குத் தோன்றியதே அப்படித்தான். கல்யாணத்துக்குப் பிறகு ஆலையில் கேட்க வேண்டுமா! "வால்வு சொன்னாத்தான் மூடி வாயத் திறக்குமாமே, வீட்லயும் அப்படித்தானா?" என்று ஆளாளுக்கு ஓட்டினார்கள்.

இந்தப் பாழாய்ப்போன சுரண்டல் வேலை ஒழிந்தால் போதும் என்று இன்ஜினியரை நச்சரித்ததும் இவர்கள் இருவரும்தான். முழங்கை வரை தோல் வெந்து உரிந்து, மறுபடி வெந்து, இருவர் கையும் கையாகவே இல்லை. கடைசியில் புது ஃபில்டர் வந்தது. உள்ளேயே ஒரு கத்தி ஏறி இறங்கிச் சல்லடையை வழித்துவிடும், கசடு அடியிலிருக்கும் வாளியில் விழும். "இனிமே மூடிய அடிக்கடி தொட வேண்டியதே இல்ல" என்றார் இன்ஜினியர். அந்த மனிதர் சொன்னது பொய்யில்லை. மூடியைத் திறக்காத இடத்தில் வால்வுக்கு எதற்கு ஆள்? இவனை பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

எப்போதாவது மூடியோரம் கசியும், வாஷர் மாற்ற வேண்டிவரும். அப்போது மாப்பிள்ளையே கீழே இறங்கி வந்து வால்வை மூடிவிட்டு ஏறிப்போய்த் திறக்க வேண்டும் என்பது புது விதி. "அந்தப் படி ஏறி இறங்கி என் முட்டி போச்சு மச்சான்" என்று அவன் ஒருநாள் புலம்பினான். "அட, இதுக்கா! டீ டைம்ல நான் கீழ வந்து நிக்கறேன், தட்டு" என்று இவன் சொன்னான். யாருக்கும் தெரியாமல் பழைய வழக்கம் அப்படியே தொடர்ந்தது. தட்டு வந்தால் மூடுவான், வடிப்பான், பதிலுக்குத் தட்டுவான். வராவிட்டால் டீயைக் குடித்துவிட்டுத் திரும்புவான்.

மாப்பிள்ளை மூடியைத் திறந்து, கொதிக்கும் பாகு அவன்மேல் பீய்ச்சியடித்த அன்றைக்கு இவன் போகவில்லை. பெரிய காரணமொன்றும் கிடையாது. பேக்கிங்கில் யாரோ கதை அளந்துகொண்டிருந்தார்கள், கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். என்ன பெரிதாகக் கெட்டுவிடும், தட்டுக் கேட்காவிட்டால் மாப்பிள்ளை திறக்க மாட்டான், அவ்வளவுதானே என்று நினைத்தான். அந்த நினைப்பை இப்போது செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

ஆலையில் அதற்குள் மெஷின்களை ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பாகு நின்றால் இறுகிவிடுமே! மாடித் தரையைக் கழுவியிருந்தும் செருப்பு பசக் பசக்கென்று ஒட்டியது. இவன் கீழ்த்தளத்துக்கு இறங்கி, தன் பழைய இடத்தில், வால்வுக்குப் பக்கத்தில் நின்றான். குழாயடியில் புதிதாக ஒரு பெட்டி இருந்தது. கசடு வாளியை இனி ஆள் தூக்க வேண்டாமென்று விபத்தன்று காலையில்தான் பொருத்தினார்களாம். அதுவே திறந்து கசடைத் தள்ளிவிட்டு அதுவே மூடிக்கொள்ளும். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மூடிக்கொண்டது.

டக், டக்.

அதே இடைவெளி. குழாய் முழுக்க அதிர்ந்து மேலே ஏறியது. வால்வுக்காரன் 'அடப்பாவி' என்று யாரையோ திட்டினான். பெட்டியையா, தன்னையா, அவனுக்கே தெரியவில்லை.

மேனேஜரிடம் ஓடிச் சொன்னான். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "மெஷின் தட்டுச்சுன்னு எழுதச் சொல்றீங்களா? தட்டுறதுன்னு ஒரு முறையே நம்ம ரூல்ல கிடையாதே. கீழ ஆள் இல்லன்னா, அவரா திறந்துகிட்டாருன்னுதான் ஆகும். வைத்தியச் செலவுகூடக் கம்பெனி ஏத்துக்காது, வேலையும் போயிடும். யாராவது வால்வ மூடாம தட்டியிருந்தா அது வேற, இவருக்குச் செலவும் கிடைக்கும், வேலையும் நிக்கும். தப்பு அந்த ஆளோடது, போலீஸ் பாத்துக்கும்." கொஞ்சம் நிறுத்தி இவன் முகத்தைப் பார்த்தார். "யாராவது இருந்தாங்களா?"

"வந்து சொல்றேன் சார்."

வார்டுக்குள் நுழைந்தபோது தங்கை புருஷனுக்கு ஸ்பூனில் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். இவன் கட்டில் கால்மாட்டில் போய் நின்றான். கட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "யாரு, மச்சானா?"

"நான்தான் மாப்ள."

"நான் புத்திகெட்டுப் போய்த் திறந்துட்டேன்னு பேசிக்கிறாங்க. அப்படியா திறப்பேன் நான்?"

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு, கட்டுப் போடாத ஒரு காலை மெல்ல நகர்த்தி, குதிகாலால் கட்டில் கம்பியை இடித்தான். ஒன்று. இரண்டு. மூன்று.

தங்கை நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

வால்வுக்காரன் சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தான். கம்பியில் இரண்டு முறை தட்டினான்.

"பாத்தியா?" என்றான் மாப்பிள்ளை, மனைவியிடம். "சொன்னேன்ல." கால் ஓய்ந்து படுக்கையில் சாய்ந்தது.

தங்கையின் கையில் ஸ்பூன் அப்படியே நின்றது. அதிலிருந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் போர்வையில் விழுந்துகொண்டிருக்க, அவள் அண்ணன் கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.