எண்பது நாற்காலிகள்

"சார், என் மனைவி இறந்துட்டா. இன்னைக்கு வேலைக்கு வர முடியாது" என்று லிஃப்ட் மெக்கானிக் மூன்றாவது முறையாகச் சொன்னபோது, மறுமுனையில் சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"விடுய்யா ஹீரோ. போன தடவை நீ செத்தே. இந்தத் தடவை அவங்களா? புக்கு என்னைக்கு வெளியீடு?"

"சனிக்கிழமை. ஆனா சார்..."

"ஒரு தடவை ஏமாந்தாச்சு. அது போதும். பத்து மணிக்குத் துணிக்கடை லிஃப்டுல ரோப் மாத்தணும். வந்து சேரு."

வைத்துவிட்டார்.

கூடத்தில் குளிர்ப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதன் கம்ப்ரஸரில் ஏதோ தட்டியது. இன்னும் ஒரு மாதம்தான் தாங்கும் என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்மீதே எரிச்சலும் வந்தது. பெட்டிக்குள் அவர் மனைவி படுத்திருந்தாள். இருபத்திரண்டு காதல் நாவல்கள் எழுதியவள். இருபத்து மூன்றாவது அச்சாகி வந்திருந்தது.

சூப்பர்வைசரைக் குறை சொல்லவும் முடியாது. மூன்று வருடத்துக்கு முன்னால், பத்தொன்பதாவது நாவலின் கதாநாயகன் கடைசியில் செத்துப்போனான். அவனுக்குச் செய்தித்தாளில் இரங்கல் விளம்பரம் கொடுக்கலாம் என்று பதிப்பாளர் சொன்னார். படம் வேண்டும். மனைவி அலமாரியிலிருந்து மெக்கானிக்கின் இருபத்தாறு வயதுப் படத்தை எடுத்துக் கொடுத்தாள். "அப்ப நல்லாத்தான் இருந்திருக்கீங்க, பாருங்க" என்றாள். மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனபோது, அலுவலக வாசலில் பதினான்கு பேர் மலர்வளையத்தோடு வேன் ஏறிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் அழுது முடித்து முகம் கழுவிவிட்டு வந்தவர், அவரைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து மெக்கானிக்கின் பெயர் ஹீரோ.

அந்த நாவல் நான்கு பதிப்பு போனது.

"அப்பா, இதைப் பாருங்க" என்று மகள் கைபேசியை நீட்டினாள். அம்மாவின் முகநூல் பக்கத்தை நடத்துவது அவள்தான். புது நாவலில் ஒரு நாவலாசிரியை முதல் பக்கத்திலேயே செத்துப்போகிறாள். அதற்காக ஒரு வாரமாகத் தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு வரி போய்க்கொண்டிருந்தது. எல்லா வரிகளையும் முன்கூட்டியே ஏற்றிவைத்திருந்தாள். இன்றைய வரியை நிறுத்த யாருக்கும் நினைவு வரவில்லை.

*அவள் இறந்துவிட்டாள். நம்புவீர்களா?*

அதற்குக் கீழே, ஒன்பது மணிக்கு மகள் அழுதுகொண்டே போட்ட உண்மையான அறிவிப்பு. அதற்குக் கீழே இருநூற்றுப் பத்து இதயங்கள். "செம ஐடியா மேடம்!" "போன தடவை ஹீரோ, இந்தத் தடவை நீங்களேவா? கலக்குங்க!" "ரெண்டு காப்பி எனக்கு எடுத்து வைங்க." ஒருவர் மட்டும், "இது கொஞ்சம் ஓவர்" என்று கண்டித்திருந்தார்.

"நெஜம்னு எழுதேன்."

"எழுதினேன்ப்பா. 'நெஜம்னு சொன்னா நம்பிருவோமா'ன்னு நாப்பது பேரு சிரிக்கிறாங்க."

மெக்கானிக் ஜன்னலுக்குப் போனார். நாலாவது மாடி. கீழே கார் நிறுத்துமிடத்தில், மகள் சொல்லி இறக்கிய எண்பது நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் நாற்காலிக்காரர். இன்னொருவர், காரை எடுக்க முடியாமல் கோபத்தில் உட்கார்ந்திருந்த முதல் மாடிக்காரர். மாலை நாலு மணிக்கு மயானத்துக்கு வண்டி வரும்.

காலி நாற்காலி என்றால் அவளுக்குப் பயம். முதல் நாவலின் வெளியீட்டுக்கு மேடையில் ஐந்து பேர், கீழே பதினோரு பேர். பதினோரு பேரில் இரண்டு பேர் மைக் செட்காரர்கள். ஒருவர் அடுத்த கூட்டத்துக்குச் சீக்கிரம் வந்துவிட்டவர். வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அடுத்த வெளியீட்டிலிருந்து மெக்கானிக் பையில் மூன்று சட்டை எடுத்துப்போனார். நீலச் சட்டையில் முன்வரிசை, கட்டம் போட்டதில் நடுவரிசை, வெள்ளையில் கடைசி. ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தால் அவளுடைய வாசகர் வட்டம் பெரும்பாலும் அவர்தான்.

நேற்றுகூடக் கேட்டாள். "சனிக்கிழமை நூறு பேராவது வருவாங்களாங்க?"

"வருவாங்க" என்றார், கையிலிருந்த ஸ்பானரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பதினொரு மணிக்குப் பதிப்பாளர் வந்தார். இரண்டு தட்டிகளோடும், கேமராக்காரர் ஒருவரோடும் வந்தார். கதவிலிருந்தே கை தட்டினார்.

"அம்மா, என்கிட்டகூடச் சொல்லாம பண்ணிட்டீங்களே! பெட்டியெல்லாம் வாடகைக்கா? மேக்கப் யாரு? அப்படியே இருக்..."

பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மகளைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். பிறகு தட்டியைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டார். கேமராக்காரர் மூடியை லென்ஸில் போட்டார்.

அரை மணி நேரம் கழித்துப் பதிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் எழுதுறேன். என் பேர்ல போட்டா நம்புவாங்க" என்றார். எழுதினார். 'காதலெனும் பெருங்கடலில் நம்மையெல்லாம் நனையவிட்டு, கரையேறிச் சென்றுவிட்டது அந்தப் பேனா' என்று தொடங்கியது. நன்றாகத்தான் இருந்தது. சிக்கல் என்னவென்றால், இருபத்து மூன்று நாவல்களின் பின்னட்டையையும் எழுதியவர் அவர்தான்.

பத்து நிமிடத்தில் அறுநூறு இதயங்கள். "பின்னட்டையே இப்படின்னா கதை எப்படி இருக்கும்!"

"நான் ஒரு முட்டாள்" என்றார் பதிப்பாளர்.

"அப்பா, நீங்க எழுதுங்க" என்றாள் மகள்.

"நானா? எனக்கு என்னம்மா எழுத வரும்?"

வராதுதான். மனைவியின் ஒரு நாவலையும் அவர் முழுதாகப் படித்ததில்லை. அவருக்கு இருந்த வேலை வேறு. கதாநாயகன் பேசும் வசனத்தை அவள் எழுதி, சமையலறை மேடைமேல் வைத்துவிட்டு, "சொல்லுங்க" என்பாள். அவர் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே, 'உன் நிழல் விழுந்த இடத்தில்கூட நான் நடக்க மாட்டேன்' என்று, லிஃப்டில் மாடி எண் சொல்லும் குரலில் சொல்வார். சிரிப்பு வராமல் சொல்லி முடித்தால் வசனம் பிழைத்தது. வந்தால் வரியை அடித்துவிடுவாள். ஒரு நாவலில் கதாநாயகன் பாதிக்கு மேல் ஊமையாகிவிட்டான்.

அவர் எழுதுவதெல்லாம் லிஃப்ட் பழுதுப் பதிவேட்டில்தான். முப்பத்தோரு வருடமாக எழுதுகிறார். வேலைப் பையில் அது இருந்தது. பழக்கத்தில் அதைத்தான் எடுத்தார். கட்டங்கள் தயாராக இருந்ததால் சுலபமாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினார்.

*நின்ற நேரம்: காலை 6.10.*

*இடம்: சமையலறை.*

*நிலை: மூச்சு இல்லை.*

*செய்த வேலை: நெஞ்சில் அழுத்தினேன், 25 நிமிடம். ஆம்புலன்ஸ் 6.35. அவர்களும் பார்த்தார்கள். இயங்கவில்லை.*

*காரணம்: இதயம் என்கிறார்கள்.*

*முந்தைய புகார்: மூன்று நாளாக இடது தோள் வலி. தலையணையை மாற்று என்றேன். தவறு.*

*உள்ளே சிக்கியவர்கள்: 2.*

*குறிப்பு: மாலை 4 மணிக்கு எடுக்கிறோம். நாற்காலி போட்டிருக்கிறது.*

கீழே கையெழுத்தும் ஊழியர் எண்ணும் போட்டார். போடாமல் முடிக்க அவருக்குத் தெரியாது.

மகள் படித்தாள். 'சிக்கியவர்கள்' கட்டத்தில் அவள் கண் நின்றது. அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். பக்கத்தைப் படமெடுத்து அப்படியே போட்டாள்.

கைபேசி அமைதியானது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஓர் இதயம்கூட இல்லை.

"இதுவும் போச்சா?" என்றார் மெக்கானிக்.

பதிப்பாளர் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கோ பார்த்தபடி, "இல்ல சார்" என்றார்.

பிறகு ஒரே ஒரு வரி வந்தது. "எந்தத் தெரு?"

அதன்பின் மகளுக்குப் பதில் போட்டு மாளவில்லை. சூப்பர்வைசர் அழைத்தார். "ஊழியர் நம்பர் போட்டிருக்கியேடா" என்றார். "துணிக்கடைக்காரன் படியில ஏறட்டும். நாங்க வர்றோம்."

இரண்டரைக்கு நாற்காலிகள் நிறைந்தன. மூன்றரைக்கு நாற்காலிக்காரர், "இன்னொரு லோடு சொல்லட்டுமா சார்?" என்று மேலே வந்து கேட்டார். முதல் மாடிக்காரர் தன் வீட்டு ஊஞ்சலைத் தவிர மற்றதையெல்லாம் கீழே இறக்கியிருந்தார். ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் மொத்தமாக வந்திருந்தார்கள். மூன்று நர்சுகள். ஒரு பஸ் கண்டக்டர், டிக்கெட் பையோடு.

மெக்கானிக் கூட்டத்தைப் பார்க்க ஒரு தடவை கீழே போனார். நடுவரிசையில் இரண்டு பெண்கள் கிசுகிசுத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவனைச் சாகடிச்சிருக்கக் கூடாதுக்கா. எனக்கு இன்னும் ஆறல."

"செத்ததாலதான்டி அது காதல். உயிரோட இருந்தா உங்க வீட்டுக்காரர் மாதிரி ஆயிருப்பான்."

"அந்தப் படத்துல இருந்தவன் இவருதானாம்."

இருவரும் திரும்பி மெக்கானிக்கை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்கள். வழுக்கையில் பார்வை கொஞ்சம் நின்றது.

"இவரா?" என்றாள் இளையவள். "சரி, என்ன பண்றது."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. அன்று முதல் தடவையாக. அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மேலே வந்துவிட்டார்.

நாலு மணிக்கு வண்டிக்காரர்கள் மாடிப்படியை அளந்தார்கள். உடலைக் கீழே அரை மணி நேரம் வைத்துவிட்டுப் புறப்படுவதாகப் பேச்சு.

"திருப்பத்துல செங்குத்தா நிமித்தணும் சார். வேற வழியில்ல."

"நிமித்த வேணாம்" என்றார் மெக்கானிக்.

அந்தக் கட்டடத்து லிஃப்டின் பின்சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கதவு உண்டு. திறந்தால் ஸ்ட்ரெச்சரின் நீளத்துக்கு இடம் கிடைக்கும். பத்து வருடம் குடியிருப்பவர்களுக்கும் அது சுவர்தான். சாவி மெக்கானிக்குகளிடம் இருக்கும். அவர் திறந்தார். சூப்பர்வைசரும் மூன்று பேரும் சீருடையோடு அவளை ஸ்ட்ரெச்சரில் தூக்கிவந்து உள்ளே வைத்தார்கள். மிச்சமிருந்தது ஓர் ஆள் நிற்கும் இடம்.

"நான் இறக்கட்டுமா?" என்றார் சூப்பர்வைசர்.

"நானே இறக்குறேன் சார். நீங்க கீழ போயிருங்க."

பொத்தான் பலகையில் இன்னொரு சாவியைப் போட்டுத் திருப்பினார். சோதனை ஓட்டம். இதில் லிஃப்ட் கால்வாசி வேகத்தில்தான் போகும். பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் போகும். தேவையில்லாத வேலை என்று சூப்பர்வைசருக்குத் தெரியும். பார்த்தார், படியில் இறங்கினார்.

நாலாவது மாடி மெதுவாக மேலே ஏறிப் போனது. மூன்றாவது மாடியின் வெளிச்சம் கதவிடுக்கில் ஒரு கோடாக வந்து, அவள் கால் பக்கம் தொடங்கி முகம்வரை நகர்ந்து, போயிற்று.

அவர் விரலை எடுத்தார். லிஃப்ட் நின்றது.

கீழே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. கைபேசி அடித்தது.

"அப்பா, எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க. எங்க இருக்கீங்க?"

"மூணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல."

"நின்னுடுச்சா?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்கு."

மகள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவர் கைபேசியை அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போர்வையின் ஓரம் ஒன்று தரையில் தொங்கியது. கதவில் மாட்டும். குனிந்து எடுத்து, அவள் தோளுக்குக் கீழே செருகினார், இடது பக்கம்.

பிறகு விரலைப் பொத்தான்மேல் வைத்தார். இன்னும் அழுத்தவில்லை. கூரையில் சின்ன மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.