பின்படியில் வந்தவர்கள்

1

இந்தக் கதையை நான் வாயைத் திறந்துகொண்டு கேட்டேன். அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. கீழ்த்தாடை மரத்துப்போய், கன்னத்துக்குள் பஞ்சு அடைத்து, எச்சில் உறிஞ்சும் குழாய் உதட்டோரம் தொங்க, பல் டாக்டர் ராலித்சாவின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். ரூட் கேனால். அவள் வேலை செய்துகொண்டே பேசுகிறவள். என்னால் 'ம்' கொட்டத்தான் முடிந்தது. அதுவும் வலியா வியப்பா என்று சில சமயம் அவளுக்குப் புரியவில்லை. எழுதுகிறவனிடம் கதை சொல்ல இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. குறுக்குக் கேள்வி கேட்க மாட்டான்.

ஆகவே இதில் ஓட்டைகள் உண்டு. அடைத்தது நான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "டான்யூப் நதியின்மேல் மூடுபனி இறங்கும்போது ரூசே நகரம் ஒரு" — விட்டுவிட்டேன். ரூசேயில் இருக்கிற எங்களுக்கு மூடுபனி என்றால் துணி காயாது, அவ்வளவுதான். பிறகு இப்படி: "ஒரு பல் மருத்துவமனையை விலைக்கு வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது" — இது கட்டுரைக்குப் போகிற வழி. இருந்தாலும் இந்த வாக்கியத்தை முடிக்காமல் கதைக்குள் நுழைய முடியவில்லை. வாங்குவது, இன்னொருவர்மேல் ஊர் வைத்திருக்கிற நம்பிக்கையை. நாற்காலியும் எக்ஸ்ரே கருவியும் கடையில் கிடைக்கும். "வாயைத் திறங்க" என்றதும் மறுபேச்சில்லாமல் திறக்கிற வாய்கள் எந்தக் கடையிலும் கிடைக்காது.

சரி, கதை.

2

ராலித்சா கோரனோவா பல்கேரியத் தலைநகர் சோபியாவில், நாற்காலிகள் வரிசையாகப் போட்ட பெரிய மருத்துவமனை ஒன்றில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவள். நோயாளியின் முகம் நினைவில் நிற்பதற்குள் அடுத்த முகம் வந்துவிடும். அங்கிருந்த வீட்டை விற்றுவிட்டு ரூசேக்கு வந்து, டாக்டர் லூகன் வஜாரோவின் பல் மருத்துவமனையை வாங்கினாள். மருந்துக்கடைக்கு மேல் மாடி. வாசலில் லிண்டன் மரங்கள். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கிரேன்களும் ஆறும். பூக்கும் காலத்தில் லிண்டன் வாசனை மருந்து வாசனையோடு கலந்து, உட்கார்ந்திருப்பவர்களுக்கு மெல்லக் கண் சொக்கும்.

விற்கும்போதே ஓர் ஏற்பாடு. வஜாரோவ் முதல் சில மாதங்கள் தினமும் வந்திருந்து, தன் நோயாளிகளைப் புது டாக்டருக்கு அறிமுகம் செய்துவைப்பார். எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். மாதங்கள் முடிந்தன. அவர் வருவது முடியவில்லை. மேலங்கிகள் மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே, கூடத்து மூலை நாற்காலியில், தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்துவிடுவார். மனைவியை இழந்த மனிதர். போய் வாருங்கள் என்று யார் சொல்வது?

சிக்கல் அவர் உட்கார்ந்திருப்பதில் இல்லை. உள்ளே ராலித்சாவிடம் வாயைக் காட்டிவிட்டு வெளியே வருகிறவர்கள், நேராக அவரிடம் போய் நின்றார்கள்.

"பிடுங்கணும்கிறாங்க டாக்டர். நீங்க என்ன சொல்றீங்க?"

"அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். சோபியாவுல படிச்சவங்க."

அந்த 'சோபியா'வில் ஒரு சின்ன இழுவை இருக்கும். போதும். வந்தவர் யோசித்துச் சொல்வதாக வீட்டுக்குப் போய்விடுவார்.

ராலித்சா என்னென்னவோ செய்து பார்த்தாள். தொலைபேசியில் நேரம் குறித்துக் கொடுத்தாள். குறித்த நேரத்துக்கு யாரும் வரவில்லை. நினைத்த நேரத்துக்கு வந்து கூடத்தில் அரட்டை அடித்தார்கள். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ருமேனியாவில் விளம்பரம் வைத்தாள். அங்கொருவர் இங்கொருவர் வந்தார்கள்.

"நேரம் குடுத்தா எப்படி வருவாங்க?" என்றாள் காத்யா. மருத்துவமனையோடு சேர்த்து ராலித்சாவுக்கு வந்து சேர்ந்த நர்ஸ் அவள். "அவங்களுக்குப் பொழுது போகணும். பல்லெல்லாம் அப்புறம்."

"அப்ப நான் எதுக்கு?"

"சீட்டுக்கட்டு வாங்கி வைங்க. கூட்டம் சேரும்."

3

[இந்தப் பகுதியை மூன்று முறை எழுதினேன். முதல் தடவை வஜாரோவை ஏமாற்றுக்காரராக ஆக்கினேன். கதை விறுவிறுவென்று ஓடியது, ஆள்தான் நிற்கவில்லை. தன் கைவேலை கெட்டது என்று தெரிந்த ஏமாற்றுக்காரன், அதைக் கண்டுபிடிக்கக்கூடிய இடத்திலேயே தினமும் வந்து தேநீர் குடித்துக்கொண்டு உட்கார மாட்டான்.]

எக்ஸ்ரே படங்களில்தான் ராலித்சா அதைப் பார்த்தாள். பழைய வேலைகள் கச்சிதமாக இருந்தன. அருகிலிருந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. கடைசிச் சில வருடங்களில் பல்லுக்கு மேல் மாட்டிய கேப்களும், பல் போன இடத்தை அடைக்கும் பிரிட்ஜ்களும் வேறு கை போட்டவை போல இருந்தன. விளிம்பு பல்லோடு சேரவில்லை. இடைவெளியில் உணவு போய், உள்ளே இருந்த பல் சத்தமில்லாமல் கரைந்துகொண்டிருந்தது. ஒருவர், இருவர் என்றால் தவறு எனலாம். ஊரில் பாதிப் பேர் வாயில் இதே கதை.

அவளுக்கு முதலில் வந்தது கோபம். ஏமாந்துவிட்டோம் என்கிற கோபம். பிறகு பயம். "உங்க டாக்டர் செஞ்சது சரியில்லை" என்று சொன்னால், தான் வாங்கிய ஒரே பொருளைத் தன் கையாலேயே உடைத்ததாகிவிடும். சொல்லாமல் விட்டால், அவள் எதற்கு வெள்ளை அங்கி போடுகிறாள்?

அந்த வாரத்தில் ஒருநாள் கூடத்தைக் கடந்தபோது வஜாரோவ் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கோப்பையின் விளிம்புக்குள் ஆள்காட்டி விரலை நுழைத்து வைத்திருந்தார். சூடு விரலில் பட்டதும் ஊற்றுவதை நிறுத்தினார்.

ராலித்சா அப்படியே நின்றுவிட்டாள். மனிதர் தொழிலின் கடைசிக் காலம் முழுக்கத் தடவியே வேலை செய்திருக்கிறார்.

(கோபம் அங்கே போய்விட்டது என்று எழுதியிருந்தேன். போகவில்லை என்று அவள் சொன்னாள். இறங்கி உட்காரத்தான் இடம் தெரியாமல் அலைந்ததாம்.)

4

வெலிக்கா கன்னம் வீங்கி வந்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவள். நாற்காலியில் படுத்தால் நாற்காலி முனகும். மேல் வரிசையில் வஜாரோவ் போட்ட பிரிட்ஜ். ராலித்சா படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"வெலிக்காம்மா, இதைக் கழட்டியே ஆகணும். இதுக்குள்ள இருக்கிற ரெண்டு பல்லும் போச்சு. சீழ் எலும்பு வரைக்கும் போயிருக்கு."

"இது யாரு போட்டதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப மெதுவாப் பேசு. கதவு மெல்லிசு."

ராலித்சா குரலைத் தாழ்த்தினாள். "உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும். டாக்டருக்கு அப்பவே கண்ணு..."

"கண்ணு தெரியல. அதானே?" வெலிக்கா மேலே விளக்கைப் பார்த்தபடி சொன்னாள். "கிரேன்ல வேலை பார்த்தவ நான். கொக்கியைப் பார்த்து இறக்குறவன் யாரு, குத்துமதிப்பா இறக்குறவன் யாருன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சேவா வாயைத் திறந்தீங்க?"

"நான் மட்டுமா? எல்லாரும்தான் திறந்தோம். வர்றதை நிறுத்தினா ஏன் நிறுத்தினோம்னு அவருக்குப் புரிஞ்சுடுமே."

"பல்லு போயிடுமேன்னு தோணலையா?"

"பல்லுதானே டாக்டரம்மா. அவரு பொண்டாட்டி செத்த சமயம் அது. இந்த நாற்காலியும் இல்லேன்னா மனுஷன் எங்க போய் நின்னிருப்பாரு?"

ஆற்றில் ஏதோ சரக்குப் படகு நீளமாக ஊதிவிட்டுப் போயிற்று. ஏமாந்தது தான் மட்டுமே என்று அவள் நினைத்திருந்தாள். இங்கே ஏமாந்தவர் யாரும் இல்லை, கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அவரைத் தவிர.

"அது சரி. ஆனா இந்த வீக்கத்தை இப்படியே விட்டா உங்களைத்தான் தூக்கிட்டுப் போகணும்" என்றாள் கடைசியில். "இன்னிக்கே கழட்டிடலாம்."

"மாட்டேன்."

"ஏன்?"

"நான் வெளியில போய் அவருக்கு வணக்கம் சொல்லாம போக முடியாது. பல்லில்லாத வாய் வணக்கம் சொன்னா, கண்ணு தெரியாதவனுக்கும் கேக்கும்."

கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்த காத்யா திரும்பாமலே சொன்னாள்: "முற்றத்துப் பக்கம் படி இருக்கே. அந்தக் காலத்துல கரி ஏத்தின படி. சாவி என்கிட்ட இருக்கு."

5

அப்படித்தான் பின்படி திறந்தது.

வெலிக்காவின் வீக்கம் வடிந்தது. புதுப் பல் ஏறியது. அவள் யாரிடம் சொன்னாள், அவர்கள் யாரிடம் சொன்னார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. (கேட்க முடியவில்லை. பஞ்சு.) இலையுதிர் காலத்து மூடுபனிக் காலைகளில், முற்றத்து மல்பெரி மரத்தடியில் ஆட்கள் நிற்கத் தொடங்கினார்கள். வாயைத் துண்டால் மூடிக்கொண்டு, நுனிக்காலில் படியேறினார்கள். உள்ளே கிசுகிசுத்தார்கள். ஊசி போட்டு மரத்துப்போன வாயால் கிசுகிசுக்கும்போது எழும் சத்தம், தூக்கத்தில் குழந்தை பேசுவது போலிருக்கும் என்று ராலித்சா சொன்னாள்.

முன்பக்கக் கூடம் காலியாகிவிடக் கூடாதே என்று, பல்லில் எந்தக் கோளாறும் இல்லாதவர்கள் முறைபோட்டுக்கொண்டு அங்கே வந்து உட்கார்ந்தார்கள். வஜாரோவிடம் வானிலை பேசினார்கள். உள்ளே போய்ச் சும்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர் ஆறுதல் சொல்ல, கேட்டுக்கொண்டார்கள். அவர்களில் சிலர் மருமகனை அழைத்துவந்தார்கள். அவன் தன் அலுவலகத்தில் சொன்னான். சங்கதி தெரியாத ருமேனியாக்காரர்கள் முன்படியிலேயே வந்தார்கள், கூடத்தில் ஏன் எல்லோரும் இவ்வளவு மகிழ்ச்சியாகப் பல்வலியோடு இருக்கிறார்கள் என்று விழித்தார்கள்.

பின்னறையில் இரண்டாவது நாற்காலி போட வேண்டியதாயிற்று. அதற்குத் துணை டாக்டர் ஒருத்தியையும் வைத்தாள். தொழில் வளர்ந்தது, வேர் வளர்கிற மாதிரி, பார்வைக்குத் தெரியாத பக்கமாக. ஒரே கட்டடத்தில் விழித்திருக்கிற மருத்துவமனை ஒன்றும் கனவு காண்கிற மருத்துவமனை ஒன்றுமாக இரண்டை நடத்துவதுபோல ராலித்சாவுக்கு இருந்தது. சில நாள் எது எது என்று அவளுக்கே

— இந்த வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். அவள் இதை முடிக்கவில்லை. என் பல்லில் ஏதோ கடினமான இடம் வந்துவிட்டது.

6

ஒரு மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ராலித்சா ஜன்னலோரம் நின்று, சீஸ் வைத்துச் சுட்ட பனீத்சா தின்றுகொண்டிருந்தாள். வஜாரோவ் சுவரைத் தொட்டபடி உள்ளே வந்தார். மருத்துவமனையை விற்ற பிறகு அவர் அந்த அறைக்குள் காலெடுத்து வைத்தது அன்றுதான். நோயாளியின் நாற்காலியைக் கை தானாகக் கண்டுபிடித்தது. அதன் விளிம்பில் உட்கார்ந்தார்.

"பின்படியில யாரும்மா வர்றாங்க?"

"ருமேனியாக்காரங்க" என்றாள். யோசித்து வைத்திருந்த பதில். "பஸ் அந்தப் பக்கம் நிக்குது. அவங்களுக்கு அது கிட்ட."

"ஓ." அவர் தலையாட்டினார். "நல்லா பல்கேரிய மொழியில இருமுறாங்க."

அவள் பனீத்சாவை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"வெலிக்கா இருமல் எனக்குத் தெரியாதா? அவ வாய்க்குள்ள எத்தனை வருஷம் கைவிட்டிருக்கேன். அவளோட செருப்புச் சத்தமே ஆறு வரைக்கும் கேக்கும். நுனிக்கால்ல வேற நடக்குறா, பாவம்." நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார். "எல்லாமே கெட்டுப்போச்சா?"

"எல்லாம் இல்ல. முன்னாடி செஞ்சதெல்லாம் நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

"பின்னாடி செஞ்சது?"

"சரிபண்ணிட்டு வர்றேன்."

அவர் கைகளை மடியில் விரித்து, பார்ப்பதுபோலக் குனிந்தார். "பார்வை கொஞ்சம் மங்கல், வேலை ஓடுதுன்னு நினைச்சேன். வாயைத் திறந்துக்கிட்டுப் படுத்திருந்தவன் ஒருத்தன் கூட எதுவும் சொல்லல. வலிச்சிருக்கும். அதையும் சொல்லல." பிறகு நிமிர்ந்தார். "நாளைக்குக் காலைல அந்தப் படி வாசல்ல போய் நின்னு, வர்றவங்க ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சு மன்னிப்புக் கேக்கலாம். இல்லேன்னா வழக்கம்போல மூலையில உக்காந்து தேத்தண்ணி குடிக்கலாம். எது நல்லதுன்னு எனக்குத் தெரியல."

"நான் எப்படிச் சொல்றது டாக்டர்?"

"நீதான் சொல்லணும். இது உன்னோட எடம்."

வாங்கிய நாளிலிருந்து அவர் இதைச் சொன்னதில்லை. வேறு யாரும் சொன்னதில்லை.

7

இதற்கு மேல் இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில் அவர் போய் நிற்கிறார். வெலிக்கா அழுகிறாள், திட்டுகிறாள், கட்டிக்கொள்கிறாள். பின்படியைப் பூட்டிவிடுகிறார்கள். எல்லோரும் முன்வழியாக வருகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர் இத்தனை காலம் தன் பற்களைக் கொடுத்து அவருக்காகக் காத்து வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு காலைப்பொழுதில் தீர்ந்துபோகிறது.

இன்னொன்றில் அவர் மூலையில் உட்கார்ந்திருக்கிறார். தெரியாத மாதிரி அவர்கள். தெரியாத மாதிரி அவர். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஆறுதல் சொல்கிறார், இப்போது எல்லாம் தெரிந்தே. இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மன்னிப்புக் கேட்க விரும்புகிற ஒருவரைக் கேட்காதே என்று தடுக்க எனக்கு என்ன உரிமை?

ராலித்சா ஒரு பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்கும் சொன்னாள். அது அவளுடைய பதில், எழுத மாட்டேன். ரூசே சின்ன ஊர். இந்தக் கதையையே இந்த ஊர் மொழியில் எழுதினால் மாலைக்குள் கூடத்துக்குப் போய்விடும். அதனால்தான் இதை உங்களிடம் கொண்டுவந்தேன். இந்த ஊரில் தமிழ் வாசிக்கிற ஆள் நான் ஒருவன்தான். நீங்கள் உரக்கவே பேசலாம், கதவு மெல்லிசாக இருந்தாலும் பரவாயில்லை.

பெரியவர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். முகத்தை உங்கள் பக்கம் திருப்பியிருக்கிறார். சொல்லுங்கள்.