கீழே வைத்த கத்தி

எந்தப் பொருளைப் பார்த்தாலும் மாசாணத்துக்கு முதலில் அதை விற்றவன்மேல்தான் சந்தேகம் வரும். இந்தக் கத்திகளை விற்றவன் கண்ணிலேயே படவில்லை. போனில் ஆர்டர் போட்டு, அட்டைப்பெட்டியில் தோப்புக்கே வந்து இறங்கியவை. ஆளில்லாத வியாபாரத்தில் யாரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பது?

தோப்பு கிருபாசங்கருடையது. காரமடையைத் தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கிறது. சனி ஞாயிறானால் கோயமுத்தூரிலிருந்து குடும்பங்களை வேனில் கூட்டிவந்து, கூடாரம் போட்டுத் தங்கவைத்து, விறகடுப்பில் சமைத்துப்போட்டு அனுப்புவார். விறகு, அடுப்பு, கூடாரத்து முளைக்குச்சி எல்லாம் மாசாணத்தின் சோலி. வால்பாறை எஸ்டேட்டில் லைன் வீட்டைக் காலிசெய்துவிட்டு வந்தவர் அவர். இந்தத் தோப்பில் தங்கக் கொடுத்த அறையை விட்டால் படுக்க வேறு இடம் கிடையாது.

இதுவரை எல்லாவற்றுக்கும் ஒரே கொடுவாள்தான் வைத்திருந்தார். போன முறை வந்த ஓர் அம்மா, விடியற்காலைப் பனிமூட்டத்தில் கொடுவாளோடு நின்ற மாசாணத்தைப் பார்த்துக் கூச்சல் போட்டுவிட்டாள். அதிலிருந்து கூடாரப் பக்கம் கொடுவாள் கூடாதென்று கிருபாசங்கர் சொல்லிவிட்டார்.

"கத்தி வரவச்சிருக்கறனுங்ணா. நீங்களே பாத்து ஒண்ண எடுத்துக்குங்க. சரியா இருந்தா அதே மாதிரி இன்னும் நாலு வாங்கிப்போடலாம்" என்று சொல்லிவிட்டு, வேனோடு வர விடிந்ததும் கோயமுத்தூர் கிளம்பிப் போனார்.

பெட்டியில் நாலு இருந்தன. பெரியது கிருபாசங்கரின் மச்சான் தனபால் ஆசைப்பட்டு வாங்கச் சொன்னது. முழ நீளம், முதுகில் ரம்பப் பல், பிடிக்குள் குழல், குழலுக்குள் தூண்டில் நூல், மூடியில் திசை காட்டும் முள்.

"எப்படி இருக்குதுங் பெரியவரே? காட்டுல தனியா மாட்டிக்கிட்டாக்கூடப் பொழச்சுக்கலாம்" என்றான் தனபால். நாற்பத்தைந்து வயது ஆள். ஸ்பேர் பார்ட்ஸ் கடையை மூடிவிட்டு மாப்பிள்ளை கிருபாசங்கருக்குத் துணையாக வந்திருந்தான்.

மாசாணம் அதை ஒரு வேலாங்கட்டைமேல் வைத்து, தடியால் முதுகில் தட்டினார். ரம்பப் பல் தடியைக் கடித்துப் பிடித்துக்கொண்டது. பிடி கடகடவென்று ஆடியது.

"பொழச்சுக்கலாம். வெறகு மட்டும் பொளக்க முடியாது."

அடுத்தது மடக்குக் கத்தி. விரித்துப் பூட்டினார், மடக்கினார், மறுபடி விரித்தார். இந்த மூட்டுக்குள் புளியும் மீன் செதிலும் ஏறினால் யார் கழுவுவது? அழுத்தி வெட்டும்போது பூட்டு நழுவினால் விரல் யாருடையது? ஒதுக்கி வைத்தார்.

மற்ற இரண்டுக்கும் அலகு ஒன்றேதான். உள்ளங்கை நீளம், முதுகு நல்ல தடிமன். ஒன்றுக்கு ஆரஞ்சு நிறத்தில் பிளாஸ்டிக் பிடி. "புள்ளைங்க வெளையாட்டுச் சாமான்" என்று அதைத் தொடாமலே தள்ளினார். இன்னொன்றுக்குத் தவிட்டு நிற மரப்பிடி. அலகின் இரும்பே பிடியின் கடைசி வரைக்கும் ஓடி, ஆணி அடித்திருந்தது. கட்டையில் தட்டினார்; நேராகப் பிளந்தது. சிலாம்பைச் சீவினார், தீ மூட்டுகிற மாதிரி சுருள் சுருளாக வந்தது. பூண்டு உரித்துப் பார்த்தார். இதற்குமேல் குறை கண்டுபிடிக்க அவருக்கே அலுத்துவிட்டது.

"இதுதான்."

"குடுங், பாக்கலாம்" என்று தனபால் கையை நீட்டினான்.

மாசாணம் கத்தியைத் தரையில் வைத்தார்.

"கையில குடுத்தா என்னங்?"

"கத்தியக் கைக்குக் கை குடுக்கக்கூடாது. சண்டை வரும். வேணும்னா எடுத்துக்க."

"நாம இப்ப என்ன கொஞ்சிக்கிட்டா இருக்கறோம்?" என்றபடி தனபால் குனிந்து எடுத்தான். பார்த்துவிட்டு அவனும் தரையில்தான் வைத்தான்.

முற்பகல் முழுக்க மாசாணம் அதை வைத்தே முளைக்குச்சி சீவினார். பக்கத்து அடுப்பில் அவருடைய தங்கை மகள் செவ்வந்தி குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, அந்தக் கத்தியக் குடுங்க. தேங்கா நோண்டோணும்."

சீவிக்கொண்டிருந்த இடத்திலேயே, காய்ந்த மட்டைச் சருகுமேல் கத்தியை வைத்துவிட்டு, அடுத்த கட்டு மூங்கிலை எடுக்க அவர் நடந்தார். அதே நேரம் வாசலில் பால் வண்டி ஹாரன் அடித்தது. செவ்வந்தி அங்கே ஓடினாள்.

வேன் துடியலூரைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தபோதுதான் செவ்வந்தியின் அடுப்படியில் கத்தி இல்லாதது தெரிந்தது. மாசாணம் நேராகத் தனபாலிடம் போனார்.

"கத்தி எங்க?"

"எந்தக் கத்தி?"

"உன்ற கத்திய வேண்டாம்னு சொன்னன்ல. அதுல வயிறெரிஞ்சு இத ஒளிச்சு வச்சிருக்கறே."

தனபால் தன் பையைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டான். மாசாணம் கூசாமல் திறந்து கிளறினார். இரண்டு சட்டை, பனியன், மாத்திரை டப்பா.

"போதுமா? என்ற அண்டர்வேர எண்ணிப் பாத்துட்டீங்களா?"

செவ்வந்தி அடுப்படியிலிருந்து வந்தாள். "மாமா, கத்தி உங்ககிட்டயில்ல இருக்குது? நான் பாலு வாங்கப் போயிட்டேன். பொறகு வந்து தேங்காயக் கரண்டியிலயே நோண்டிப்போட்டேன்."

"நீ எடுத்துட்டேன்னு நெனச்சேன்."

"நீங்களே எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். சருகும் மட்டையும் தவிட்டு நிறம். பிடியும் அதே நிறம். அந்தச் சருகுக்குள் எங்கேயோ திறந்த அலகு கிடக்கிறது. வேனில் வருவது பாதிக்குமேல் சின்னப் பிள்ளைகள். இறங்கியதும் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஓடுகிற பிள்ளைகள்.

தனபால் குரலைத் தாழ்த்தினான். "மாப்ளைக்கு இப்பச் சொல்ல வேண்டாமுங். கோவத்துல உங்களை ஊருக்குப் போங்கன்னு சொல்லிப்போடுவாரு. நாம மெதுவாத் தேடிக்கலாம்."

இவன் எதற்கு நமக்கு நல்லது நினைக்கிறான் என்று மாசாணம் ஒரு நொடி யோசித்தார். அறையின் சாவி இடுப்பில் உறுத்தியது. அப்புறம் செவ்வந்தியின் போனை வாங்கித் தானே பேசினார்.

"ஏனுங், கத்தி ஒண்ணு தோப்புக்குள்ள கெடக்குது. எங்கன்னு தெரியல. நாந்தான் வச்சேன். வேனை உள்ள உடாதீங்க."

கிருபாசங்கர் சொன்னார்: "காரமடைக் கோயில்ல சாமி கும்பிடட்டும்னு எறக்கி விடறேன். அதுக்குள்ள தேடுங்க. கெடைக்கலீன்னா திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன். அதுக்குப் பொறகு நாம பேசிக்கலாமுங்ணா."

அந்தப் 'பேசிக்கலாம்' எதில் போய் முடியும் என்று மாசாணத்துக்குத் தெரியும்.

மூவரும் வரிசையாக உட்கார்ந்து, சருகைக் கையால் விலக்கிக்கொண்டே நகர்ந்தார்கள். தேள்தான் ஒன்று வந்தது. மாசாணத்துக்கு மூங்கிலைச் சீவிய இடமே குழம்பியது. சீவிய சுருள் கிடந்தால் இடம் தெரியுமே என்று தேடினார். அதையும் காணோம்.

"இங்க கெடந்த மூங்கில் சீவலெல்லாம் எங்க?"

"அதுமேலதானுங் மூணாவது கூடாரம் போட்டேன். தர மெத்துன்னு இருந்துச்சு" என்றான் தனபால்.

மாசாணம் கூடாரத்துக்குள் ஊர்ந்து போனார். தரைவிரிப்பை உள்ளங்கையால் பூப்போலத் தடவிக்கொண்டே போய், நடுவில் கையை நிறுத்தினார். துணியைத் துளைத்துக்கொண்டு கத்தி முனை மேலே வந்திருந்தது. நகக்கண் அளவுதான். மேலே பாய் விரித்திருந்தால் தெரிந்திருக்காது.

கிருபாசங்கர் வேனை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இதுல வேன்ல வந்திருக்கற பிரவீனா குடும்பத்தப் படுக்க வைக்கலாம்னு இருந்தேன். கைக்குழந்த இருக்குது."

அவர் விரலை வெளியே எடுத்து, மாசாணத்தைப் பார்த்தார்.

"இனிமே கத்தியக் கையில குடுங்கண்ணா."

"மாட்டேனுங்."

"அப்ப ஊட்டுக்குப் போறீங்களா?"

மாசாணம் வாயைத் திறக்குமுன் செவ்வந்தி முந்தினாள். "எனக்கும் கையில வாங்க மனசு வராதுங். வச்சா வச்சேன்னு மாமா வாயத் தொறந்து சொல்லட்டும். எடுத்தா எடுத்தேன்னு நான் சொல்றேன். சொல்லாததுதானுங் தப்பு."

கிருபாசங்கர் வாசல் பக்கம் பார்த்தார். பிள்ளைகள் வேன் ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். "அவரு மறைச்சிருந்தா நான் வேனை உள்ளயே உட்டிருப்பேன்" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். பிறகு மாசாணத்திடம், "எந்தக் கத்தி வாங்கறது?" என்றார்.

மாசாணம் பெட்டியிலிருந்து ஆரஞ்சுப் பிடியை எடுத்தார். "கெடந்தாக் கண்ணுக்குத் தெரியும்."

"வெளையாட்டுச் சாமான்னீங்க?" என்றான் தனபால்.

"இப்பவும் அப்படித்தான் இருக்குது." மூன்றாவது கூடாரத்தின் முளைகளைப் பிடுங்கிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல், "பையத் தொறந்தது தப்பு" என்றார்.

சாயங்காலம் அடுப்படியில் சமையல் சூடுபிடித்தது. "வச்சுட்டேன்!" என்று மாசாணம் அடித்தொண்டையில் கத்துவார். "எடுத்துட்டேன்!" என்று செவ்வந்தி அதைவிட உரக்கக் கத்துவாள். நாலைந்து முறை கேட்டதும், கைக்குழந்தையோடு நின்றிருந்த பிரவீனா தனபாலிடம் வந்தாள்.

"ஏனுங், அங்க ஏதாவது சண்டையா?"

"இல்லீங் அம்மணி. வெங்காயம் அரியறாங்க."