குறட்டையும் கம்ப்யூட்டரின் நன்மைகளும்

1

இந்தக் கதை என் குறட்டையிலிருந்து பிறந்தது. வெட்கப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. தெருவுக்கே தெரிந்த விஷயம்தான். அதை என் மகள் (வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர்) கம்ப்யூட்டரில் பதிவுசெய்து, வெட்டி ஒட்டி, தன் அம்மாவின் செல்போனுக்கு ரிங்டோனாக வைத்துவிட்டாள். அம்மா, அதாவது என் மனைவி, பல் டாக்டர். நேற்று கிளினிக்கில் போன் அடித்தது. வெளியே காத்திருந்தவர்கள், உள்ளே யாருக்கோ பல்லைத் துளைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.*

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பும் வந்தது.

"நாளைக்கு சாயந்திரம் கம்ப்யூட்டர் என் தம்பி வீட்டுக்குப் போகுது. பிள்ளைக்கு அதால ஒரு நன்மை, ஒரே ஒரு நன்மை இருந்தா சொல்லுங்க, விட்டுடறேன்."

வாலு அழுதாள். நானும் ஏறக்குறைய அழுதேன். நான் கதை எழுதுவதும் அதே கம்ப்யூட்டரில்தான். ஆகவே வாசகரே, இது கதை அல்ல, கருணை மனு.

* செருப்பு இன்னும் கிளினிக்கில்தான் இருக்கிறது. கேட்டு யாரும் வரவில்லை.

2

முதல் தொடக்கம்:

"கணினி என்பது அறிவுக் கடலின்

(கடலின் என்ன? கரையா, கப்பலா? விடுங்கள்.)

இரண்டாவது தொடக்கம்:

"ஒரு சிறுமி இருந்தாள். விடியற்காலையில் எழுந்து, பல் துலக்கி, கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, கிரகங்களின் பெயர்களை வரிசையாக

வாலு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"யாருப்பா இவ?"

"நீதான்."

"நானா? இவளைப் பார்த்தா எனக்கே ஒண்ணு வைக்கணும்போல இருக்கு. அம்மா நம்புவாங்களா?"

நியாயம். 'ரெண்டு வேளையும் பல் தேய்க்கிறேன் டாக்டர்' என்ற பொய்யை நாள் முழுக்கக் கேட்பவள் என் மனைவி. என் சிறுமி அவள் முன்னால் ஒரு நிமிடம் தாங்கமாட்டாள். அழித்துவிட்டேன்.

3

சரி, உண்மையையே எழுதிப் பார்ப்போம்.

கவனம். வாலு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் இடி விழுந்தாலும் அசையமாட்டாள். போன வாரம் பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. (இதை எடுத்துவிட வேண்டும். அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்ற கேள்வி வரும்.)

மொழி வளம். தமிழில் அடிக்கத் தானாகவே கற்றுக்கொண்டாள். அவள் அடித்த முதல் வாக்கியம்: "அப்பா சும்மா இருக்கிறார்." (இதுவும் வேண்டாம்.)

வெண்ணெய் திரளும்போதெல்லாம் தாழி உடைகிறது.

4

முடிவையாவது முதலில் எழுதி வைக்கிறேன்.

அ) மனைவி படித்துக் கண்கலங்குகிறாள். (கல்யாணமான நாளிலிருந்து நடக்காத காரியம்.)

ஆ) கம்ப்யூட்டர் மச்சான் வீட்டுக்குப் போகிறது. அவன் ராப்பகலாக அதில் சீட்டு விளையாட, அவன் மனைவியே அதைத் திருப்பி அனுப்புகிறாள்.

இ)

இ-க்கு வருவதற்குள் அழைப்பு மணி அடித்தது. மச்சானேதான். கையில் பழைய போர்வை, கயிறு.

"மாமா, அக்கா எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. இப்பவே தூக்கவா, இல்ல டீ குடிச்சிட்டுத் தூக்கவா?"

"டீ," என்றேன். அடுப்பைச் சிறு தீயில் வைத்தேன். எவ்வளவு சிறிது என்றால், பிடித்த பிறகும் பிடித்ததா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

5

திரும்பி வந்தால், திரையில் நான் எழுதாத வரிகள்.

"அம்மா நீ டிரெயினிங்குக்கு வெளியூர் போனப்ப என்கிட்ட போன்ல சொன்னே அப்பா குறட்டை இல்லாம தூக்கமே வரலைன்னு. அதான் பண்ணினேன். அடுத்த தடவை போறப்ப கேட்டுட்டே தூங்கலாம். ரிங்டோனா வைக்கத்தான் தெரிஞ்சது வேற மாதிரி வைக்கத் தெரியலை. சாரி."

இரண்டு தடவை படித்தேன். 'இந்தச் சத்தத்துல மனுஷி தூங்குவாளா?' என்பதைத் தவிர, என் குறட்டையைப் பற்றி என் மனைவி என்னிடம் வேறெதுவும் சொன்னதில்லை. வாலுவின் வரிகளில் ஒரு காற்புள்ளிகூட நான் சேர்க்கவில்லை.

வாசலில் மனைவியின் ஸ்கூட்டர் வந்து நிற்கிறது. மச்சான் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருக்கிறான்; போர்வை அவன் மடியில். வாலு மேசைக்கு அடியில்.

நன்மை எதுவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதை நான் சொல்லி என் மனைவி கேட்பதாக இல்லை. வாசகரே, இவ்வளவு நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தீர்கள், நன்றி. தயவுசெய்து எழுந்து, கம்ப்யூட்டர் முன்னாலிருக்கும் அந்த நாற்காலியை அவளுக்குக் கொடுங்கள். அவள் உள்ளே வருகிறாள். கடைசி வரியை அவளே அடித்துக்கொள்ளட்டும்.